எல்லாமே டிவ்வாக இருந்தால்

வலைப்பக்கம் எழுதப் பழகுகிறவர்களின் முதல் நிரலைத் திறந்தால் டிவ்வுக்குள் (தனக்கென்று பொருள் இல்லாத வெறும் பெட்டி) டிவ், அதற்குள் இன்னொரு டிவ் என்று போய்க்கொண்டே இருக்கும். தலைப்பு ஒரு டிவ், மெனு ஒரு டிவ், பட்டனும் ஒரு டிவ். அந்தப் பட்டனுக்கு நீல நிறம், வளைந்த மூலை, கொஞ்சம் நிழல், கிளிக் செய்தால் ஓட இரண்டு வரி ஜாவாஸ்கிரிப்ட். பார்த்தால் அசல் பட்டன்தான். மவுஸை ஓரமாக வைத்துவிட்டு டேப் கீயைத் தட்டிப் பாருங்கள். அதன் மேல் நிற்காமல் அடுத்த லிங்குக்குப் போய்விடும்.

ஏன் என்றால், பிரவுசர் நம் ஹெச்டிஎம்எல்லை, அதாவது பக்கத்தின் உள்ளடக்கத்தைச் சொல்லும் நிரலைப் படித்துத் திரையில் வரைவதோடு நிறுத்துவதில்லை. அதே நிரலிலிருந்து அணுகல் மரம் என்ற இன்னொன்றையும் கட்டுகிறது. நீலமும் நிழலும் அங்கே செல்லாது. ஒவ்வொரு உறுப்பும் என்ன வகை, அதன் பெயர் என்ன, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பவைதான் அதில் முக்கியம். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் என்விடிஏ, வாய்ஸ்ஓவர், டாக்பேக் போன்ற திரைவாசிப்பான்கள் பக்கத்தை அறிந்துகொள்வது இந்த மரத்தின் வழியாகத்தான். டிவ்வுக்குப் பதில் ஹெச்டிஎம்எல்லின் பட்டன் டேக் (குறிச்சொல்) போட்டிருந்தால் “அனுப்பு, பட்டன்” என்று சொல்லும். டிவ்வாக இருந்தால் பெரும்பாலும் வெறும் “அனுப்பு” என்று படித்துவிட்டு நகர்ந்துவிடும். அழுத்தக்கூடிய ஒன்று அங்கே இருக்கிறது என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

டிவ்வையே பட்டனாக நடிக்கவைக்கவும் முடியும். டேப் நிற்க டேப்இன்டெக்ஸ், வகையைச் சொல்ல ரோல், என்டருக்கும் ஸ்பேஸ்பாருக்கும் தனித்தனியாக ஸ்கிரிப்ட் என்று சேர்க்க வேண்டும். இவ்வளவும் பட்டன் டேக்கில் இலவசமாகவே வருகிறது. பிரவுசர் தரும் தோற்றம் பிடிக்கவில்லை என்பதற்காகத்தான் பலர் அதை விடுகிறார்கள். தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் நாலு வரி எழுதினால் அந்தத் தோற்றம் போய்விடும்.

தலைப்புகளிலும் இதே கதைதான். எழுத்தின் அளவு பிடித்திருக்கிறது என்று முதல்நிலைத் தலைப்பான ஹெச்1-க்கு அடுத்து நேராக நான்காம் நிலையான ஹெச்4-க்குத் தாவுவார்கள். என்விடிஏவில் ஹெச் கீயைத் தட்டித் தட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவிப் படிப்பவர்களுக்கு அந்த எண்கள்தான் பொருளடக்கம். எழுத்தின் அளவைச் சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளும், எண்ணை வரிசைப்படி விடுங்கள்.

சரி, லேஅவுட். முதல் தலைவலி பெட்டிக் கணக்கு. அகலம் 300 பிக்சல் என்று எழுதுகிறோம். இருபுறமும் பேடிங் (உள் இடைவெளி) 20, பார்டர் (விளிம்புக் கோடு) 1. திரையில் வருவது 342. இப்படி மூன்று பெட்டிகளை 900 பிக்சல் இடத்தில் வைத்தால் மூன்றாவது கீழே விழும். சிஎஸ்எஸ்ஸின் பாக்ஸ்-சைஸிங் பண்பை பார்டர்-பாக்ஸ் என்று மாற்றினால் 300 என்பது 300-ஆகவே இருக்கும். அப்புறம், பக்கத்தைத் திரையின் அகலத்துக்கு ஏற்ப வைக்கச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக்கை மறந்தால் ஐபோனின் சஃபாரி பக்கத்தை 980 பிக்சல் அகலம் என்று வைத்துக்கொண்டு சுருக்கிக் காட்டும், எழுத்து எறும்பு சைஸில் தெரியும். டேக்கைச் சேர்க்கிற கையோடு, விரலால் பெரிதாக்குவதைத் தடுக்கும் யூசர்-ஸ்கேலபிள் வரியையும் சிலர் எங்கிருந்தோ காப்பி அடித்துப் போடுகிறார்கள். கண் மங்கியவர்களுக்குப் பெரிய துணையே அந்தப் பெரிதாக்கல்தான்.

2017-இல் முக்கிய பிரவுசர்களில் கிரிட் என்ற சிஎஸ்எஸ் கட்ட அமைப்பு வந்த பிறகு எதையும் எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம் என்றாகிவிட்டது. பெட்டிகளை வரிசையாக அடுக்கும் ஃபிளெக்ஸ்பாக்ஸிலும் ஆர்டர் என்று ஓர் எண் கொடுத்தால் கடைசிப் பெட்டி முதலில் வந்து நிற்கும். ஆனால் இடம் மாறுவது திரையில் மட்டும். டேப் கீயும் திரைவாசிப்பானும் பொதுவாக ஹெச்டிஎம்எல்லில் எழுதிய வரிசையிலேயே போகும். ஒரு படிவத்தில் பெயர், மின்னஞ்சல், அனுப்பு பட்டன் என்று கண்ணுக்குத் தெரிகிறது. நிரலில் பட்டன் முதலில் இருக்கிறது. டேப் தட்டினால் முதலில் அடியில் உள்ள பட்டனுக்குப் போய், பிறகு மேலே ஏறும். கண் தெரிந்தவரே குழம்பிப்போவார். இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி, சிஎஸ்எஸ் ஃபைலை இணைக்கும் வரியைத் தற்காலிகமாக நீக்கிவிட்டுப் பக்கத்தை மேலிருந்து கீழாகப் படிப்பது. அழகில்லாமல் இருக்கட்டும், கோர்வையாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நிறத்துக்கு அளவுகோலே இருக்கிறது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் அணுகல் நெறிகள், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கின்றன. வெள்ளையில் கறுப்பு 21-க்கு 1. வெள்ளைப் பின்னணியில் 999999 என்ற நிறக்குறியுள்ள சாம்பல் நிறம் 2.85 மட்டுமே. 777777 கிட்டத்தட்ட 4.48, மயிரிழையில் தோற்றுவிடும். 767676 தேறிவிடும். கண்ணால் பார்த்து இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது, அதனால் பிரவுசரின் டெவலப்பர் கருவியிடம் விட்டுவிடுங்கள்.

படத்துக்கு ஆல்ட் (படத்தைச் சொல்லும் மாற்று வரி) எழுதச் சொல்லி எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அலங்காரப் படமென்றால் ஆல்ட்டைக் காலியாக விட வேண்டும், அடியோடு எடுத்துவிடக் கூடாது. எடுத்துவிட்டால் சில திரைவாசிப்பான்கள் ஃபைல் பெயரையே எழுத்தும் எண்ணுமாக ஒப்பிக்கும்.

தமிழில் எழுதுபவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது முதல் டேக்கைத்தான். எங்கிருந்தோ எடுத்த டெம்ப்ளேட்டில் பக்கத்தின் மொழியைச் சொல்லும் லாங் என்ற இடத்தில் இஎன் என்று ஆங்கிலத்தின் குறி இருக்கும். திரைவாசிப்பான் அதை நம்பி ஆங்கிலக் குரலை எடுக்கும். பல ஆங்கிலக் குரல்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. சில உளறும், சில பத்தி முழுவதையும் சத்தமில்லாமல் தாண்டிவிடும். இஎன் என்பதை அழித்துவிட்டு டிஏ என்று போட வேண்டும், இரண்டே எழுத்து.