அடிபட்ட பூனை ஏன் சத்தமில்லாமல் இருக்கிறது?

வண்டியில் அடிபட்ட பூனை பெரும்பாலும் கத்துவதில்லை. மூலையில் ஒடுங்கி, தலையைத் தாழ்த்தி, கால்களை உடம்புக்கடியில் மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "நல்லவேளை, பெரிசா ஒண்ணும் இல்லை" என்று வீட்டில் ஆறுதல் அடைவார்கள். மருத்துவருக்கு அடிவயிற்றைக் கலக்குவது அந்த அமைதிதான்.

ரத்தம் இழந்தால் மனிதனுக்கும் நாய்க்கும் இதயம் படபடவென்று அடித்துக்கொள்ளும். பூனைக்குப் பல நேரம் நேர்மாறு. மருத்துவரின் மேசையில் மிரண்டு நிற்கும் பூனைக்கு நிமிடத்துக்கு 180, 200 துடிப்பு சாதாரணம். ரத்த ஓட்டம் குறைந்து உறுப்புகள் தவிக்கும் நிலையை மருத்துவர்கள் 'அதிர்ச்சி நிலை' என்பார்கள். அந்த நிலையில் துடிப்பு 140க்கும் கீழே இறங்கிவிடலாம். கூடவே ரத்த அழுத்தம் சரியும். 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டிய உடல் சூடு 37க்கும் கீழே போகும். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். இந்தப் பூனைக்கு ஈறே மெழுகு மாதிரி வெளுத்திருக்கும். அழுத்திய இடம் எது என்றே தெரியாது.

அதனால் உள்ளே போனதும் யாரும் கத்தியை எடுப்பதில்லை. ஆக்சிஜன், வலி மருந்து, வெதுவெதுப்பு, இவைதான் முதலில். 4 கிலோ பூனையின் மொத்த ரத்தமே ஏறக்குறைய 240 மில்லி, ஒரு டம்ளர் அளவு. சலைனையும் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி என்று அளந்து கொடுத்து, ஒவ்வொரு முறையும் நாடி பார்ப்பார்கள். குளிர்ந்த உடம்பில் ரத்தக் குழாய்கள் சரியாகச் சுருங்காது. அழுத்தம் ஏறவில்லையே என்று அவசரப்பட்டுச் சலைனை ஏற்றிவிட்டால், உடம்பு சூடேறிக் குழாய்கள் சுருங்கும்போது மிஞ்சிய நீர் நுரையீரலில் கோத்துக்கொள்ளும். ரத்தக்கசிவு நிற்கவே இல்லை என்றால் உடனே வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும். மற்றபடி, வெளியே தவித்துக்கொண்டிருப்பவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான்: அந்தக் காத்திருப்பே சிகிச்சை.

மோதலில் உதரவிதானம் கிழிந்துபோவதுண்டு. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரை அது. கிழிசல் வழியாகக் கல்லீரலும் குடலும் மார்புக்குள் ஏறி நுரையீரலை நெரிக்கும். அவற்றை மெல்ல வயிற்றுக்குள் இறக்கித் திரையைத் தைப்பதோடு வேலை முடியாது. நசுங்கிக் கிடந்த நுரையீரலை ஒரேயடியாக ஊதி விரித்தால் அதிலும் நீர் கோக்கும். அது தானாக, நிதானமாக விரிய விட வேண்டும்.

தையல் போட்டாயிற்று, கண்டம் தாண்டியது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பிரிட்டனில் நடந்து 2008இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, மயக்க மருந்தை ஒட்டிய பூனை மரணங்களில் சுமார் 60 சதவீதம் அறுவை முடிந்த பிறகே நேர்ந்தன என்று காட்டியது. அவற்றிலும் பெரும்பாலானவை முதல் 3 மணி நேரத்துக்குள். அந்த நேரத்தில் பூனையின் பக்கத்திலேயே ஒருவர் உட்கார்ந்திருப்பது எந்த மருந்துக்கும் குறைந்ததல்ல.

வலியையும் பூனை மறைக்கும். சுகமாக இருக்கும்போது எழுப்பும் அதே குறுகுறு ஒலியை வலியோடு இருக்கும்போதும் அது எழுப்பக்கூடும். அதனால் முகத்தைப் பார்க்க வேண்டும்: காதுகள் வெளிப்பக்கம் சாய்வது, கண் இடுங்குவது, மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி இறுகுவது, மீசை விறைப்பது, தலை தோளுக்குக் கீழே தாழ்வது. மாண்ட்ரீல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் இந்த ஐந்தையும் வைத்தே ஒரு வலி அளவுகோலை உருவாக்கினார்கள். பரிதாபப்பட்டு வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடலாம்.

சாப்பிடாமல் கிடப்பதையும் "ஓய்வெடுக்கட்டும்" என்று விடக்கூடாது. சில நாள் பட்டினி கிடந்தாலே, குறிப்பாகக் கொழுத்த பூனைக்கு, உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய் அடைத்துக்கொள்ளும். அதற்குள் கழுத்தின் பக்கவாட்டில் சிறு துளையிட்டு உணவுக்குழாயில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்திவிடுவார்கள். கரைத்த உணவை சிரிஞ்சில் எடுத்து, வெதுவெதுப்பாக, மெதுவாகச் செலுத்த வேண்டும். பூனை தானாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகும் சில நாள் குழாய் அப்படியே இருக்கும். உருவி எடுத்ததும் அந்தத் துளை தையல் இல்லாமலே மூடிக்கொள்ளும்.