காந்தப் புலத்துக்குக் கதவடைக்க முடியுமா?

ஒரு காந்தத்துக்கும் குண்டூசிக்கும் நடுவே காகிதம் வையுங்கள். ஊசி இழுபடும். கண்ணாடி, மரப்பலகை, பிளாஸ்டிக், செப்புத் தகடு, எதை வைத்தாலும் இதே கதைதான். கொஞ்சம் தடிமனான இரும்புத் தகட்டை வைத்தால் மட்டும் இழுவை சட்டென்று குறையும். இரும்பு புலத்தைத் தடுத்துவிட்டது என்றுதான் தோன்றும். நடப்பது நேர் எதிர். புலக்கோடுகளுக்கு இரும்பு மிகச் சுலபமான வழி. தகட்டுக்குள் புகுந்து, பக்கவாட்டில் ஓடி, காந்தத்தின் மறுமுனைக்கே திரும்பிவிடுகின்றன. ஊசிப் பக்கம் போவதற்கு மிச்சம் அதிகமில்லை.

மின்சாரத்தை நிறுத்த ரப்பர் இருக்கிறது. காந்தப் புலத்தை அப்படி நிறுத்தும் பொருள் அன்றாட உலகில் கிடையாது. ஆகவே ‘காந்தத்தை எதிர்க்கும் பொருள்’ என்று யாராவது சொன்னால், எந்த எதிர்ப்பு என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் வடிவமைப்பவர்களுக்கு அது காந்தத் தடை. ரிலக்டன்ஸ் என்றே பேச்சில் சொல்வார்கள். ஆலிவர் ஹெவிசைட் 1888-இல் வைத்த பெயர். காந்தப் பாயம், அதாவது ஒரு பரப்பைக் கடந்து செல்லும் புலத்தின் மொத்த அளவு, செல்லும் பாதையின் நீளத்தை, அதன் குறுக்குப் பரப்பாலும் பொருளின் உட்புகுதிறனாலும் (பொருள் புலத்துக்கு எவ்வளவு சுலபமாக வழிவிடுகிறது என்ற அளவு) வகுத்தால் இது கிடைக்கும். கம்பிச் சுருளுக்கு நடுவே இருக்கும் ஓர் இரும்பு உள்ளகத்தின் ஒப்பு உட்புகுதிறன், அதாவது வெற்றிடத்தைப்போல எத்தனை மடங்கு என்பது, 4000 என்று வைத்துக்கொள்வோம். காற்றுக்கு அது ஏறத்தாழ 1. அப்படியானால் உள்ளகத்தில் விழும் 1 மில்லிமீட்டர் காற்றிடைவெளி, 4 மீட்டர் இரும்புக்குச் சமமான தடையைத் தரும்! உள்ளகத்தின் இரும்புத் தகடுகளை இணைப்புகளில் அவ்வளவு நெருக்கமாகப் பொருத்துவது இதனால்தான்.

மின்தடையோடு இதை ஒப்பிடுவது வழக்கம். ஒப்பீடு ஓரளவுக்குத்தான் செல்லும். மின்தடையில் ஆற்றல் வெப்பமாகப் போகிறது. மாறாத பாயம் காந்தத் தடையைக் கடக்கும்போது அப்படி எதுவும் வீணாவதில்லை. அப்புறம், செம்பு ரப்பரைவிடக் கோடி கோடி மடங்குக்கும் மேல் நன்றாகக் கடத்தும். இரும்பு காற்றைவிடச் சில ஆயிரம் மடங்குதான் மேல். அதனால் பாயம் எப்போதும் கொஞ்சம் கசியத்தான் செய்யும்.

நுண்ணிய கருவிகளைப் புறப்புலத்திலிருந்து மறைக்க மியூ-மெட்டல் என்ற கலவையைப் பயன்படுத்துகிறார்கள். ஏறக்குறைய 80 விழுக்காடு நிக்கல், மீதியில் பெரும்பகுதி இரும்பு. ஊசிக்கு முன்னால் இரும்புத் தகடு செய்த வேலையைத்தான் இதுவும் செய்கிறது, பல மடங்கு திறமையாக. பதப்படுத்திய பிறகு வளைத்தாலோ கீழே போட்டாலோ அந்தத் திறமை குறைந்துவிடும்.

சரி, புலத்தை உண்மையிலேயே வெளியே தள்ளும் பொருளே இல்லையா? உண்டு. டயா காந்தப் பொருட்கள். புலம் வந்ததும் இவற்றின் எலக்ட்ரான்களின் இயக்கம் சற்று மாறி, எதிர்த் திசையில் ஒரு சிறு காந்தத்தன்மை எழும். கொடுத்த புலத்துக்கு ஒரு பொருள் எத்தனை பங்கு காந்தமாகிறது என்று சொல்லும் காந்த ஏற்புத்திறன் இவற்றுக்கு எதிர்க்குறியில் வரும். பிஸ்மத் என்ற உலோகம் இதில் பேர்போனது. ஆனாலும் அதன் எதிர்ப்பு பத்தாயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை; தண்ணீருக்குச் சுமார் லட்சத்தில் ஒரு பங்கு. அந்தத் தம்மாத்துண்டு எதிர்ப்பை வைத்தே 1997-இல் நெதர்லாந்தின் நைமேகனில் ஆந்த்ரே கெய்மும் சகாக்களும் 16 டெஸ்லா புலத்தில் உயிருள்ள தவளையை அந்தரத்தில் மிதக்கவிட்டார்கள். மிகக் குளிர்ந்த நிலையில் மின்தடையே இல்லாமல் போகும் மீக்கடத்தி மட்டும் புலத்தை முழுதாக வெளியேற்றும். மெய்ஸ்னரும் ஓக்ஸன்ஃபெல்டும் 1933-இல் கண்டது அது.

இன்னொரு எதிர்ப்பு முற்றிலும் வேறு வகை. இரும்பு போன்ற ஃபெர்ரோ காந்தப் பொருளுக்குள் டொமைன்கள் எனும் சிறு பகுதிகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம்போல. புலம் கொடுத்தால் அவை ஒரே திசையில் அணிவகுக்கும். புலத்தை எடுத்த பிறகும் ஒரு பகுதி அப்படியே நிற்கும். எஞ்சி நிற்பது காந்தத் தேக்குத்திறன். அதைச் சுழியாக்க எவ்வளவு எதிர்ப்புலம் வேண்டுமோ அது காந்த நீக்குத்திறன். மீட்டருக்கு இத்தனை ஆம்பியர் என்று அளப்பார்கள். தூய இரும்புக்கு அது 100-ஐத் தாண்டாது. நியோடிமியம் காந்தத்துக்கு 10 லட்சம் அளவுக்குப் போகும். காந்தப் பட்டை கொண்ட அட்டைகளிலும் இதே கணக்குதான். மலிவான ரகப் பட்டை சுமார் 24,000-இல் அழிந்துவிடும், உறுதியான ரகம் 2 லட்சத்துக்கு மேலும் தாங்கும்.

புலத்தை முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டே இருந்தால் காந்தமாதல் ஓரடி பிந்தியே வரும். 1880-களின் தொடக்கத்தில் டோக்கியோவில் பணியாற்றிய ஜேம்ஸ் ஆல்ஃபிரட் யூயிங் ஆராய்ந்த காந்தத் தயக்கம் இதுதான். வரைபடத்தில் இது ஒரு மூடிய கண்ணியாக வரும். கண்ணியின் பரப்பு ஒவ்வொரு சுற்றிலும் வெப்பமாகிற ஆற்றல். டிரான்ஸ்ஃபார்மரில் நொடிக்கு 50 சுற்று என்பதால் ஒல்லியான கண்ணி கொண்ட சிலிக்கான் எஃகைத் தேடிப் போகிறார்கள்.

தேக்குத்திறனையும் நீக்குத்திறனையும் பலர் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த இரும்புக் கலவையான அல்னிகோ காந்தத்தைப் பாருங்கள். தேக்குத்திறனில் நியோடிமியத்துக்கு ஈடுகொடுக்கும். நீக்குத்திறனோ மீட்டருக்குச் சுமார் 50,000 ஆம்பியர்தான். தன் முனைகள் உண்டாக்கும் எதிர்ப்புலத்தாலேயே அது வலுவிழக்கக்கூடும். அதனால்தான் அதை நீள்தண்டாகவோ குதிரை லாட வடிவிலோ செய்து, வேலையில்லாதபோது இரு முனைகளுக்கும் குறுக்கே ஓர் இரும்புத் துண்டை ஒட்டி வைப்பார்கள். துண்டு காந்தத் தடையைக் குறைக்கிறது, எதிர்ப்புலமும் தணிகிறது. நியோடிமியத்தை நாணயம்போலத் தட்டையாக வெட்டி, துணைத்துண்டு எதுவுமின்றி இழுப்பறையில் போட்டுவைக்கலாம்.