போன்ழூர் சொல்லிவிட்டு உள்ளே போங்கள்: பிரான்சுக்குப் புறப்படும் பெண்களுக்கு

புதுச்சேரியில் பிரெஞ்சு கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மாணவிகளின் அம்மாக்கள் கேட்டுக்கொண்டதால் பெண்களைச் சிறு குழுக்களாகப் பாரிசுக்கு அழைத்துப் போக ஆரம்பித்தேன். எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. விசா கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அங்கே என்ன உடுத்துவது, எந்தப் பை வாங்குவது?" முதல் கேள்விக்கு என் பதில் எளிது. உங்களுக்குப் பழகிய உடை, நன்றாக நடந்து பழகிய செருப்பு. மெட்ரோ நிலையங்களில் பல இடங்களில் லிஃப்ட் கிடையாது. படிக்கட்டுக்கு முடிவும் கிடையாது. பை பற்றிய கேள்விக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால், கடைக்குள் நுழையும் விதத்தைச் சொல்கிறேன்.

பாரிசின் மரே பகுதியில் ஒரு சிறிய கடை. எங்கள் குழுவில் மூன்று பேர் பேசிக்கொண்டே நுழைந்து, நேராக ஸ்கார்ஃப் அடுக்கியிருந்த மேசைக்குப் போய், நான்கைந்தை விரித்துப் பார்த்தார்கள். கல்லாவில் இருந்த அம்மையார் தலை நிமிரவில்லை. விலை கேட்டதற்கு ஒற்றைச் சொல்லில் பதில். வெளியே வந்ததும், "நம் நிறத்தைப் பார்த்து இளக்காரம்" என்றார் ஒருவர். நிறத்தைப் பார்த்து நடத்துகிறவர்கள் அங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், இருக்கிறார்கள். ஆனால் அன்று நடந்தது அது இல்லை. பிரான்சில் கடை என்பது கடைக்காரரின் வீட்டுத் திண்ணை மாதிரி. ஏறும்போதே "போன்ழூர் மதாம்" (வணக்கம் அம்மா) என்றோ "போன்ழூர் முசியே" (வணக்கம் ஐயா) என்றோ சொல்ல வேண்டும். இறங்கும்போது "மெர்சி, ஒர்வுவார்" (நன்றி, போய் வருகிறேன்). சொல்லாமல் பொருளில் கை வைப்பவரை மரியாதை தெரியாதவர் என்றே நினைப்பார்கள். மறுநாள் காலை அதே பெண் ரொட்டிக்கடை வாசலிலேயே "போன்ழூர் மதாம்" என்றார். எந்த ரொட்டி அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியது என்று கடைக்காரம்மா தானாகவே எடுத்துக் காட்டினார். பஸ் ஓட்டுநரிடமும், டிக்கெட் கொடுப்பவரிடமும் இதே வணக்கம்தான். பிரெஞ்சு நாகரிகம் இந்த ஒரு சொல்லில் தொடங்குகிறது என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

இனி கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். தங்கத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். தாலியைக் கழற்ற மனம் இல்லாதவர்கள் மஞ்சள் கயிற்றில் கோத்து உடைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். மெட்ரோவில் கதவு மூடும் நொடியில்தான் கை நீளும். எங்களோடு வந்த ஒரு அம்மாவின் தோள்பை ஜிப் திறந்திருப்பதை அடுத்த நிலையத்தில்தான் கவனித்தோம். பணம் போய்விட்டது. பாஸ்போர்ட் இடுப்புப் பையில் இருந்ததால் பயணம் தப்பியது. மோன்மார்த்ர் குன்றின் படிகளில் கையில் கயிறு கட்ட வருபவர், கையெழுத்து கேட்டு அட்டையை நீட்டும் பெண்கள், தரையிலிருந்து மோதிரம் எடுத்து "உங்களுடையதா?" என்பவர், யாரிடமும் நிற்காதீர்கள். "நோன்" (வேண்டாம்) என்று சொல்லிக்கொண்டே நடங்கள். ஆபத்து என்றால் 112.

ஈஃபெல் கோபுரத்தின் கீழே துணி விரித்து விற்கும் பெரிய பெயர் போட்ட பைகளைத் தொடவே வேண்டாம். போலிப் பொருளை வைத்திருப்பதே பிரெஞ்சுச் சட்டப்படி சுங்கக் குற்றம். பொருளைப் பறிமுதல் செய்வார்கள். அபராதத்தை நீங்கள் கொடுத்த இருபது யூரோவை வைத்துக் கணக்கிட மாட்டார்கள். அசல் பையின் விலையை வைத்துக் கணக்கிடுவார்கள். சட்டத்தில் சிறைத்தண்டனைக்கும் இடம் உண்டு. "தெரியாமல் வாங்கிவிட்டேன்" என்று அழுதால் விட்டுவிடுவார்கள் என்று நம்பாதீர்கள்.

அசலாக வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். தேதாக்ஸ் என்று கேளுங்கள். பாஸ்போர்ட்டைப் பார்த்துப் படிவம் தருவார்கள். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே அந்தப் படிவத்தை இயந்திரத்தில் காட்டி உறுதிசெய்துவிட வேண்டும், ஏனென்றால் அதிகாரி பொருளைக் கண்ணால் பார்க்கக் கேட்கலாம். தள்ளுபடிக் காலம் ஜனவரியிலும் ஜூன் இறுதியிலும் தொடங்கும். நாள்களை அரசே குறிக்கிறது.

ஆனால் கடைகளோடு நின்றுவிட்டால் பிரெஞ்சுப் பாணி கண்ணில் படாது. பாரிசில் பெண்கள் ஆண் உடை அணியக் காவல்துறையின் அனுமதி வேண்டும் என்று 1800ஆம் ஆண்டில் ஓர் ஆணை போட்டார்கள். பிறகு, கையில் சைக்கிளின் பிடியோ குதிரையின் கடிவாளமோ இருந்தால் கால்சட்டை போடலாம் என்று தளர்த்தினார்கள். அது செல்லாது என்று அமைச்சர் ஒருவர் எழுத்தில் தெளிவுபடுத்தியது 2013இல்தான். அந்த ஆணை ஏட்டில் இருந்த காலத்திலேயே, 1966இல், ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான் பெண்களுக்கென்று, ஆண்கள் விருந்துக்கு அணியும் டக்ஸிடோ என்ற கோட்டு உடையைத் தைத்தார். மார்சோ அவென்யூவில் 5ஆம் எண்ணில், அவர் வேலை செய்த வீடே இன்று அருங்காட்சியகம். இந்தக் கதை தெரிந்து அங்கே போகும் பெண் ஒரு கோட்டைப் பார்க்கும் விதமே வேறு.

என் பயணங்களில் அரை நாள் கட்டாயமாக ஒதுக்குவது வெர்சாய் பக்கத்தில் இருக்கும் ழூயி-ஆன்-ழொஸாஸ் என்ற சிற்றூருக்கு. 1760இல் ஓபர்காம்ப் என்பவர் அங்கே துணி அச்சிடும் ஆலையைத் தொடங்கினார். துவால் தெ ழூயி என்று உலகமே இன்று திரைச்சீலையிலும் கைப்பையிலும் கொண்டாடும் துணி அங்கே பிறந்தது. அதற்கு முன்னால் நடந்ததைக் கேளுங்கள். நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் இந்தியாவின் பிற துறைமுகங்களிலிருந்தும் போன வண்ணப் பருத்தித் துணிக்குப் பிரெஞ்சுப் பெண்கள் அப்படி மயங்கினார்கள். பட்டும் கம்பளியும் நெய்கிறவர்கள் பிழைப்புப் போகிறது என்று கூக்குரலிட, அரசு 1686இல் அந்தத் துணிக்கே தடை போட்டது. தடை 1759 வரை நீடித்தது. ஆனாலும் பெண்கள் அதை உடுத்துவதை நிறுத்தவில்லை. இதற்கிடையே 1742இல், நம் பகுதியில் ஊழியம் செய்த கேர்தூ என்ற சேசு சபைப் பாதிரியார், தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயத் தொழிலாளர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட சாயமிடும் முறையை அப்படியே கடிதமாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். துணியைக் கடுக்காயிலும் எருமைப் பாலிலும் ஊறவைப்பது, சாயவேரில் சிவப்பு ஏற்றுவது, எல்லாம் அதில் இருக்கிறது.

போன முறை கும்பகோணத்திலிருந்து வந்த, முப்பது ஆண்டுகள் ஜவுளிக்கடை நடத்திய ஒரு பெரியம்மா ழூயியில் இருக்கும் துணி அருங்காட்சியகத்தில் மர அச்சுக்கட்டைகளின் முன்னால் நின்றுவிட்டார். பூங்கொடி செதுக்கிய ஒரு கட்டையைக் காட்டி, அதன் ஓரத்தில் இருந்த சிறு பித்தளை முனைகள் எதற்கு என்று கேட்டார். அடுத்த அச்சு பிசகாமல் சேர்வதற்கான அடையாளம் என்று வழிகாட்டியம்மா பிரெஞ்சில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். பெரியம்மா தலையாட்டினார். "எங்கள் தாத்தா கட்டையிலும் இருந்தது" என்றார். பிறகு, வண்ணம் ஏறிய துணியை வெயிலில் எத்தனை நாள் போடுவார்கள் என்று கேட்கச் சொன்னார். இருவரும் என் வழியாக முக்கால் மணி நேரம் பேசினார்கள். மற்றவர்கள் வாசலில் எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.