ஏப்ரல் மாத எண்களை எவ்வளவு நம்பலாம்? ஃபேன்டஸி பேஸ்பால் ஆடுவோருக்கு ஓர் ஆக்சுவரி எழுதுவது

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் சீசன் மார்ச் மாதக் கடைசியில் தொடங்குகிறது. அடுத்த மூன்று வாரங்களுக்குள், ஃபேன்டஸி லீக்குகளில் ஆடுகிற பலர், குளிர்காலம் முழுவதும் யோசித்துத் தேர்ந்தெடுத்த வீரர்களைக் கைவிட்டு, அந்த வாரம் ஹோம் ரன் (மைதான எல்லைக்கு அப்பால் போகும் அடி) அடித்தவர்களை அணியில் சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஓர் அணிக்கு சீசன் முழுவதும் 162 ஆட்டங்கள். ஏப்ரல் முடியும்போது அவற்றில் ஏறத்தாழ 30 மட்டுமே முடிந்திருக்கும். ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான அந்த ஆட்டங்களை வைத்து எடுக்கப்படும் முடிவுகளில் பெரும்பாலானவை தேவையற்றவை என்பதும், அவற்றிலும் வீரரைக் கைவிடும் முடிவே அதிகச் சேதம் விளைவிக்கிறது என்பதும் என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை என் தொழிலிலிருந்தே எடுத்துச் சொல்கிறேன்.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காகச் சில வரிகள். எழுத்தாளர் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் 1980-இல் நியூயார்க்கில் இதற்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தார்கள். அவர்கள் கூடிய உணவகத்தின் பெயரால் அது ரொட்டிசரி லீக் என்று அழைக்கப்பட்டது. ஒவ்வொருவரும் 260 டாலர் கற்பனைப் பணத்தில் ஏலம் கேட்டு 23 வீரர்களை எடுப்பார்கள். அந்த வீரர்கள் உண்மையான ஆட்டங்களில் குவிக்கும் எண்களே அவரவர் புள்ளிகளாகும். இன்று பரவலாக உள்ள முறையில் பேட்டர்களுக்கு ரன், ஹோம் ரன், ஆர்பிஐ (தன் அடியால் அணிக்கு வரச்செய்த ரன்கள்), பேஸ் திருட்டு, பேட்டிங் சராசரி (வாய்ப்புகளில் ஹிட்டின் பங்கு; .270 என்றால் ஆயிரத்துக்கு 270) என ஐந்து பிரிவுகளும், பந்து வீசும் பிட்ச்சர்களுக்கு வெற்றி, சேவ் (நெருக்கமான வெற்றியைக் கடைசியில் காத்து முடிப்பது), ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) ஆகியவற்றோடு ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்ச்சரின் கணக்கில் சேரும் ரன்கள்), விப் (ஓர் இன்னிங்ஸுக்கு ஹிட்டாலும் வாக்காலும் எத்தனை பேரை பேஸ் ஏற விடுகிறார்) என ஐந்து பிரிவுகளும் உண்டு. ஒரு கிரிக்கெட் ஆட்டத்துக்கு ஓர் அணி என்று அமைத்துப் பழகியவர்கள், இங்கே ஒரே அணியை ஆறு மாதம் பராமரிக்க வேண்டும் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

நான் ஓர் ஆக்சுவரி. எதிர்கால இழப்புகளைக் கணித்துக் காப்பீட்டுப் பிரீமியத்தை நிர்ணயிப்பது என் வேலை. நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு பட்டறை, சென்ற ஆண்டு ஒரு விபத்துகூட நேரவில்லை என்பதால் பிரீமியத்தைப் பாதியாகக் குறைக்கும்படி கேட்பது எங்களுக்கு அன்றாட அனுபவம். நாற்பது பேரின் ஓராண்டு அனுபவம் என்பது மிகச் சிறிய சான்று. ஆனாலும் அதை முற்றிலும் ஒதுக்குவதும் நியாயமாகாது. அதற்கு எவ்வளவு எடை தருவது என்ற கேள்விக்கு 1918-இலேயே ஆல்பர்ட் விட்னி ஒரு சூத்திரம் தந்தார். கையிலுள்ள சான்றின் அளவை, அதே அளவோடு ஒரு மாறிலியைக் கூட்டி வரும் தொகையால் வகுக்க வேண்டும். கிடைக்கும் பின்னமே புதிய அனுபவத்துக்கான எடை. மீதி எடை முன்பே அறிந்த மதிப்பீட்டுக்கு. பல தலைமுறை ஆக்சுவரிகளுக்குச் சோறு போட்ட இந்தச் சூத்திரம், ஏப்ரல் மாதத்தில் ஒரு பேட்டரை மதிப்பிடவும் மாற்றமின்றிப் பொருந்துகிறது.

முதலில் தற்செயலின் அளவைப் பார்ப்போம். உண்மைத் திறன் .270 என்று வைத்துக்கொண்ட ஒரு பேட்டருக்கு, வாக் (நான்கு தவறான பந்துகளால் கிடைக்கும் இலவச பேஸ்) போன்றவற்றைக் கழித்தால், ஏப்ரலில் சுமார் 90 பேட்டிங் வாய்ப்புகள் கிடைக்கும். 24 ஹிட் அடித்தால் அவர் சராசரி .267, 20 ஹிட் என்றால்.222, 29 ஹிட் என்றால்.322. முதல் எண்ணைப் பார்ப்பவர் இயல்பாக ஆடுகிறார் என்பார், இரண்டாவதைப் பார்ப்பவர் ஃபார்ம் போய்விட்டது என்பார், மூன்றாவதைப் பார்ப்பவர் நட்சத்திரம் பிறந்துவிட்டது என்பார். ஆனால் முதல் எண்ணிலிருந்து மற்ற இரண்டுக்கும் உள்ள தூரம் வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு ஹிட் மட்டுமே. இரண்டு ஃபீல்டர்களுக்கு இடையே புகுந்து சென்ற அல்லது அவர்களில் ஒருவர் கையில் சிக்கிய ஒரு பந்து. 90 வாய்ப்புகளில் பேட்டிங் சராசரியின் திட்ட விலக்கம், அதாவது தற்செயலால் வழக்கமாக ஏற்படும் ஏற்ற இறக்கம், 47 புள்ளிகள் (.047). ஆகவே திறனில் எந்த மாற்றமும் இல்லாமலேயே அவர் ஏப்ரலை.180-இலும் முடிக்கலாம், .360-இலும் முடிக்கலாம்.

இதைப் பேஸ்பாலிலேயே சோதித்துக் காட்டியவர்கள் பிராட்லி எஃப்ரான், கார்ல் மோரிஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள். 1970 சீசனில் 18 பேட்டர்களின் முதல் 45 வாய்ப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, சீசனின் எஞ்சிய பகுதியில் ஒவ்வொருவரும் என்ன சராசரி எடுப்பார் என்று கணித்தார்கள். அவரவர் தொடக்கச் சராசரியை அப்படியே நம்புவது ஒரு வழி. எல்லோருடைய எண்களையும் குழுவின் பொதுச் சராசரியான.265-ஐ நோக்கி வெகுவாகச் சுருக்குவது மற்றொரு வழி. இரண்டாவது வழியின் மொத்தப் பிழை, முதல் வழியின் பிழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தது. அந்தப் பட்டியலில் நியூயார்க் யாங்கீஸின் இளம் கேட்ச்சர் தர்மன் மன்சன் 45 வாய்ப்புகளில் 8 ஹிட் மட்டுமே அடித்து .178-இல் இருந்தார். எஞ்சிய சீசனில் .316 அடித்து, அமெரிக்கன் லீக்கின் அந்த ஆண்டின் சிறந்த அறிமுக வீரராகத் தேர்வானார். அன்று ஃபேன்டஸி லீக்குகள் இருந்திருந்தால் ஏப்ரல் கடைசியில் எத்தனை பேர் அவரைக் கைவிட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அதே பட்டியலில் ராபர்ட்டோ கிளமென்டேயும் இருந்தார். அவர் 45-இல் 18 ஹிட் அடித்து .400-இல் நின்றார். சுருக்கும் முறை அவரைச் சுமார் .290-க்கு இறக்கிவிட்டது, எஞ்சிய சீசனில் அவர் அடித்ததோ.346. இந்த இடத்தில் அந்த முறை பிசகியதற்குக் காரணம் தெளிவானது: 18 பேரையும் முன்பின் தெரியாத ஒரே தரத்தினராக அது எடுத்துக்கொண்டது. நான்கு முறை பேட்டிங் சாம்பியனாகி, முந்தைய ஆண்டு .345 அடித்த ஒருவரை, பொதுச் சராசரியை நோக்கி அல்ல, அவருடைய சொந்த வரலாற்றை நோக்கித்தான் இழுக்க வேண்டும். இன்று ஸ்டீமர், ஜிப்ஸ் போன்ற கணிப்பு முறைகள் சீசனுக்கு முன்பே ஒவ்வொரு வீரருக்கும் அந்த வரலாற்றைத் தொகுத்துத் தருகின்றன. உங்கள் தொடக்கப் புள்ளி அதுவாக இருக்கட்டும்.

விட்னியின் மாறிலி எவ்வளவு என்பதே அடுத்த கேள்வி. அது எல்லா எண்களுக்கும் ஒன்றல்ல. பேஸ்பால் ஆய்வாளர் ரஸ்ஸல் கார்ல்டன், எந்தப் புள்ளிவிவரம் எத்தனை வாய்ப்புகளுக்குப் பிறகு பாதி நம்பகமாகிறது என்று கணக்கிட்டார். அவர் கண்ட அளவுகளில், பேட்டரின் ஸ்ட்ரைக்அவுட் விகிதத்துக்குச் சுமார் 60 வாய்ப்புகள் போதும்; வாக் விகிதத்துக்கு 120, ஹோம் ரன் விகிதத்துக்கு 170 வேண்டும்; பேட்டிங் சராசரிக்கோ 910 வேண்டும், அதாவது ஒரு முழு சீசனுக்கும் மேல்.

இந்த வேறுபாட்டின் பொருளை ஒரு கணக்கு தெளிவாக்கும். சீசனுக்கு முன் .260 என்று கணிக்கப்பட்ட ஒருவர் 90 வாய்ப்புகளில் 34 ஹிட் அடித்து .378-இல் நிற்கிறார் என்று கொள்வோம். 910 என்ற மாறிலியை வைத்துக் கணக்கிட்டால் அவருடைய புதிய மதிப்பீடு .271. மாதம் முழுவதும் கொண்டாடப்பட்ட ஆட்டத்தால் உயர்ந்தது 11 புள்ளிகள் மட்டுமே. நீண்ட வரலாறு உள்ள வீரரானால் அதுவும் குறையும். அதே வீரர் முன்பு நூற்றுக்கு 28 முறை ஸ்ட்ரைக்அவுட் ஆனவராக இருந்து, இப்போது 100 வாய்ப்புகளில் 18 முறை மட்டுமே ஆகியிருந்தால், 60 என்ற மாறிலியின்படி புதிய மதிப்பீடு ஏறத்தாழ 22 விழுக்காடு. இது பெரிய மாற்றம். பந்தைத் தேர்ந்தெடுப்பதிலோ வீச்சிலோ அவர் ஏதோ உண்மையில் மாற்றியிருக்கிறார் என்பதற்கான அறிகுறி. ஏப்ரலில் ஒரு வீரரின் பக்கத்தைத் திறந்தால், சராசரியைத் தாண்டிச் சென்று முதலில் ஸ்ட்ரைக்அவுட் விகிதத்தைப் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பந்து மட்டையிலிருந்து புறப்படும் வேகமும் 2015 முதல் எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் அளக்கப்பட்டுப் பொதுவில் கிடைக்கிறது. பந்தைப் பலமாக அடித்தும் ஹிட் கிடைக்காமல் தவிப்பவரைக் கண்டுகொள்ள அதைவிட நல்ல சான்று இல்லை.

பழைய சீசன்கள் இதற்கு ஏராளமான எடுத்துக்காட்டுகளைத் தருகின்றன. டெட்ராய்ட் டைகர்ஸின் கிறிஸ் ஷெல்டன் 2006-இல் முதல் 13 ஆட்டங்களில் 9 ஹோம் ரன் அடித்தார். சீசன் முழுவதற்கும் அவர் கணக்கு 16, ஜூலை இறுதியில் அவர் கீழ்நிலையான மைனர் லீக்குக்கு அனுப்பப்பட்டுவிட்டார். சிகாகோ ஒயிட் சாக்ஸின் யெர்மின் மெர்சிடிஸ் 2021 சீசனைத் தொடர்ச்சியாக 8 ஹிட்டுகளுடன் தொடங்கி ஏப்ரலை .400-க்கு மேல் முடித்தார். ஜூலையில் அவரும் மைனர் லீக்கில் இருந்தார். மறுபக்கம் ஆல்பர்ட் புஹோல்ஸ். பத்தாண்டு, 240 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் ஏஞ்சல்ஸ் அணிக்கு வந்த அவர், 2012 ஏப்ரல் முழுவதும் ஒரு ஹோம் ரன்கூட அடிக்கவில்லை. முதல் ஹோம் ரன் மே 6-ஆம் தேதி வந்தது. சீசன் முடிவில் 30 ஹோம் ரன், 105 ஆர்பிஐ. மெட்ஸ் அணியின் ஃபிரான்சிஸ்கோ லின்டோர் 2024 மே நடுவில் .200-க்குக் கீழே இருந்தார். 33 ஹோம் ரன்னுடன் சீசனை முடித்து, தேசிய லீக்கின் மதிப்புமிக்க வீரர் வாக்கெடுப்பில் ஷோஹெய் ஒதானிக்கு அடுத்த இடத்தைப் பிடித்தார்.

பிட்ச்சர்கள் விஷயத்தில் பதற்றம் இன்னும் அதிகம். என்னுடன் பணிபுரியும் இளைஞர் ஒருவர், நல்ல கணக்கறிவு உள்ளவர், தன் முதன்மைப் பிட்ச்சர் இரண்டு இன்னிங்ஸில் 8 ரன் கொடுத்த மறுநாள் காலை, “அண்ணா, ஈஆர்ஏ 36 காட்டுது, இவரைத் தூக்கிடலாமா?” என்று கேட்டார். காகிதத்தில் போட்டுக் காட்டினேன். ஒரு ஃபேன்டஸி அணி சீசன் முழுவதும் 1,300 இன்னிங்ஸ் வீசும் என்றும் மற்ற 1,298 இன்னிங்ஸில் அதன் ஈஆர்ஏ 3.80 என்றும் கொண்டால், அந்த ஒரு மோசமான நாளால் முடிவில் அது 3.85 ஆகும். அவ்வளவுதான் சேதம். அந்தச் சேதமும் ஏற்கெனவே கணக்கில் ஏறிவிட்டது. பிட்ச்சரைக் கைவிடுவதால் அது திரும்பி வராது, அவர் இனி வீசப்போகும் நல்ல இன்னிங்ஸ்களே போட்டியாளரிடம் போகும்.

காத்திருக்கச் சொல்வதால் கைகட்டி இருக்கச் சொல்கிறேன் என்று கொள்ள வேண்டாம். உடல்நிலை, பொறுப்பு மாற்றம் ஆகிய இரண்டும் எத்தனை வாய்ப்புகள் என்ற கணக்குக்கு உட்பட்டவை அல்ல. அவற்றில் ஒரே செய்தி போதும். கிளீவ்லாந்தின் ஷேன் பீபர் 2024-இல் முதல் இரண்டு ஆட்டங்களில் 12 இன்னிங்ஸ் வீசி, ஒரு ரன்னும் கொடுக்காமல் 20 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார். அடுத்து வந்த செய்தி, முழங்கைத் தசைநார் சேதத்துக்கு டாமி ஜான் அறுவை சிகிச்சை, சீசன் முடிந்தது. அவருடைய எண்களில் அதற்கான தடயம் எதுவும் இல்லை. பிட்ச்சரின் ஃபாஸ்ட்பால் வேகம் குறைவதைக் கவனிப்பது நல்லது. ஆனால் குளிர்ந்த ஏப்ரலில் பலருக்கும் வேகம் சற்றுக் குறைந்திருக்கும் என்பதால், சென்ற ஆகஸ்டோடு ஒப்பிடாமல் சென்ற ஏப்ரலோடு ஒப்பிடுங்கள்.

சேவ் பிரிவில் பொறுப்பே எல்லாம். 2025 ஏப்ரல் இறுதியில் யாங்கீஸ் அணி டெவின் வில்லியம்ஸை க்ளோசர் (கடைசி இன்னிங்ஸை வீசி வெற்றியைக் காப்பவர்) பொறுப்பிலிருந்து விலக்கி லூக் வீவரிடம் ஒப்படைத்தது. அந்த அறிவிப்பு வந்த கணத்திலிருந்தே வீவரின் மதிப்பு வேறு. வெய்வர் ஏலத்துக்கென (யார் அணியிலும் இல்லாத வீரர்களை எடுக்கும் ஏலம்) லீக் தரும் ஆண்டுத் தொகையை இப்படிப்பட்டவர்களுக்குச் செலவிடுங்கள், அதுவும் சீக்கிரமே செலவிடுங்கள்: ஏப்ரலில் வாங்கிய க்ளோசர் ஐந்து மாதம் உழைப்பார், ஆகஸ்டில் வாங்கியவர் சில வாரங்கள்தான். புதிதாக, முதலில் பேட் செய்யும் லீட்-ஆஃப் இடத்துக்கு உயர்த்தப்பட்டவர், காயமடைந்தவருக்குப் பதிலாகத் தினமும் ஆடத் தொடங்கியவர் ஆகியோரும் இதே வகை.

இடம் வேண்டுமே என்று கேட்பீர்கள். ட்ராஃப்டின் (ஏலத்துக்குப் பதிலாக முறைவைத்து வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) கடைசிச் சுற்றுகளில் எடுத்த இரண்டு மூன்று வீரர்களின் இடங்களை மட்டும் சுழற்சிக்கு ஒதுக்குங்கள். முதல் பத்துச் சுற்றுகளில் எடுத்தவர்களை, காயம் இல்லாதவரை, மே நடுவரை கைவிடாதீர்கள். காயமடைந்தவர்களைக் காயப் பட்டியலுக்கான தனி இடத்துக்கு உடனே மாற்றினாலே ஓர் இடம் கிடைக்கும். பலர் இதைச் செய்யாமலேயே நல்ல வீரரை விடுவிக்கிறார்கள். பெஞ்சில் வைத்த வீரரை அடுத்த வாரம் களமிறக்கலாம். கைவிட்டவரை எடுக்க லீக்கில் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். சரிவில் இருக்கும் நல்ல பேட்டர் ஒருவர் போட்டியாளரிடம் இருந்து, அவருடைய ஸ்ட்ரைக்அவுட் விகிதம் கூடவில்லை, பந்தடிக்கும் வேகம் குறையவில்லை என்றால், ஏப்ரல் கடைசி வாரமே அவரை வர்த்தகத்தில் கேட்க ஏற்ற நேரம்.

மே இரண்டாம், மூன்றாம் வாரத்தில் நாள்தோறும் ஆடும் பேட்டர்கள் 170 வாய்ப்புகளை எட்டியிருப்பார்கள். அப்போது ஒவ்வொருவருக்கும் சீசனுக்கு முந்தைய கணிப்பை ஒரு பத்தியிலும், இதுவரையிலான ஸ்ட்ரைக்அவுட், வாக், ஹோம் ரன் விகிதங்களை அடுத்த பத்தியிலும் எழுதி, மேலே சொன்ன எடைகளால் கலந்து பாருங்கள். மூன்றுமே மோசமாகியிருப்பவரை அன்றே விடுவித்துவிடலாம். சராசரி மட்டும் சரிந்திருப்பவர் உங்கள் அணியிலேயே இருக்கட்டும்.