விரலில் 20 சதவீதம், பிழைப்பில் எவ்வளவு?

அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வயது 34. அவிநாசி சாலையில் கார் இடித்து, வலது கையில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மடங்காமல் போய்விட்டன. மருத்துவக் குழு தந்த சான்றிதழில் ஊனம் 20 சதவீதம். "ஏனுங்க வக்கீலய்யா, நஷ்டஈட்டுக்கு வருமானத்துல அஞ்சுல ஒரு பங்குதானுங்களா கணக்கு?" என்றார்.

பலரும் ஏமாறும் இடம் இது. சான்றிதழில் இருப்பது உடம்பின் கணக்கு. இழப்பீட்டுக்கு வேண்டியது பிழைப்பின் கணக்கு. முன்பு என்ன வேலை செய்தார், இப்போது அதில் எது முடிகிறது, மாற்று வேலை உண்டா என்று பார்க்க வேண்டும் என 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விரல் மடங்காவிட்டாலும் ஒரு வாத்தியார் பாடம் நடத்தலாம். கட்டிங் மிஷினைப் பிடிக்க முடியாது.

மாதம் 18,000 வாங்கியவர், இப்போது செக்கிங்கில் 9,000 வாங்குகிறார். ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்பது வயதைப் பொறுத்தது; அவர் வயதுக்கு அந்தப் பெருக்கு எண் 16. 18,000-ஐ 12 மாதத்தாலும் 16-ஆலும் பெருக்கினால் மொத்தம் 34,56,000 ரூபாய். அதில் 20 சதவீதம் 6,91,200. சம்பளம் பாதியாகிவிட்டதே என்று பாதியைக் கணக்கிட்டால் 17,28,000. எதிர்கால வருமான உயர்வை இன்னும் சேர்க்கவில்லை.

மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் கூலி, வலிக்கும் வேதனைக்குமான தொகை எல்லாம் தனித்தனித் தலைப்புகள். கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கும் ஒரு தொகை கேட்கலாம். மனைவிதானே என்று விட்டுவிடுகிறார்கள்.

சரி, 18,000-க்கு ஆதாரம்? இங்கே சனிக்கிழமை சம்பளம் பெரும்பாலும் கையில்தான். நல்லவேளை, அவர் வீட்டில் வாரக் கூலியை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அதோடு கம்பெனிக்காரரையும் சாட்சிக் கூண்டில் ஏற்றினோம். ஊனச் சான்றிதழைத் தாக்கல் செய்வதோடு நிற்காமல், மருத்துவரையும் விசாரிக்க வேண்டும். இதில் சோம்பல்பட்டு வழக்கைக் கெடுத்த வக்கீல்களும் உண்டு, எங்கள் ஆட்கள்தான்.

விபத்து நடந்த 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும் என்கிறது திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். அப்புறம், மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசக் கூப்பிட்டால் போங்கள், தப்பில்லை. ஆனால் அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடு கிடையாது. கையெழுத்துப் போடும் முன், எந்தச் சதவீதத்தை வைத்து இந்தத் தொகை வந்தது என்று கேட்டுவிடுங்கள்.