டென்னிஸ் ஆடும் பிள்ளைக்கும் ஒரு பேரேடு

காரைக்குடியில் ஆடிட்டராக உட்கார்ந்து இருபது வருஷமாகிறது. அரிசி மில், நகைக்கடை, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டை ஹோட்டலாக்கியவர்கள் என்று பலர் கணக்கும் பார்த்தாயிற்று. டென்னிஸ் கணக்கு வந்தது நாலு வருஷத்துக்கு முன்னால்தான். ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒருவர் மஞ்சள் பையிலிருந்து ரசீதுகளை மேஜையில் கொட்டி, "சார், பாப்பா துருக்கியில பரிசு வாங்கியிருக்கு. இதுக்கு டாக்ஸ் உண்டா?" என்றார்.

அந்தப் 'பரிசு' என்ற சொல்தான் வினை. என் ஆபீஸ் பையன் அதை லாட்டரி இனத்தில் போட்டு 30 சதவீத வரி கணக்கிட்டுக் கொண்டுவந்தான். நானும் அவசரத்தில் பேனாவைத் திறந்துவிட்டேன். லாட்டரிப் பணத்தில் செலவு என்று ஒரு ரூபாய் கழிக்க முடியாது. ஆட்டத்தையே பிழைப்பாக வைத்திருக்கும் பெண்ணுக்கு அது தொழில் வருமானம். விமான டிக்கெட், அறை வாடகை, கோச் சம்பளம், ராக்கெட் ஸ்ட்ரிங் எல்லாமே தொழில் செலவு.

செலவைக் கழித்துப் பார்த்தால் வரி கட்ட ஒன்றும் மிஞ்சவில்லை என்பது வேறு விஷயம்.

பாப்பா ஆடுவது டபிள்யூ 15 போட்டிகள், அதாவது ஏணியின் கடைசிப் படி. மொத்தப் போட்டிக்கும் பரிசுத் தொகை 15,000 டாலர். ஜெயிப்பவருக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் டாலர். முதல் சுற்றில் தோற்றால் 150 டாலரை ஒட்டி, நம் பணத்தில் 13,000 ரூபாய் சுமார். தகுதிச் சுற்றிலேயே தோற்றால் அதுவும் கிடையாது. துருக்கியில் அன்டால்யா, துனீசியாவில் மொனாஸ்டிர் என்று ஒரே ஊரில் வாராவாரம் இந்தப் போட்டிகள் நடக்கும். டிக்கெட் செலவு மிச்சம் என்று மூன்று வாரம் அங்கேயே தங்கி ஆடுவார்கள்.

ரசீதுகளுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. அம்மா எழுதியது. "நரம்பு ரீல் 200 மீட்டர். ஒரு மட்டைக்கு 12. பதினாறு தடவை வரும்" என்று எழுதி, பதினாறு கட்டம் போட்டிருந்தார். ஒன்பது கட்டத்தில் டிக் அடித்திருந்தது. அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்தக் குடும்பத்தின் மேல் நம்பிக்கை வந்தது.

தரவரிசைப் புள்ளியும் ஒரு வரவுதான், ஆனால் 52 வாரத்தில் காலாவதியாகிவிடும். போன வருஷம் இதே வாரம் சேர்த்ததை இந்த வருஷம் மறுபடி சேர்க்காவிட்டால் இறங்க வேண்டியதுதான். 400வது இடத்தில் இருக்கும் பெண் சும்மா நிற்கவே அவ்வளவு ஓட வேண்டியிருக்கிறது. 1998ல் ஆஸ்திரேலிய ஓப்பனில் ஒரு சுற்று ஜெயித்த கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதனின் அதிகபட்ச இடம் 134. இன்னொரு இந்திய வீராங்கனை அங்கிதா ரெய்னா எட்டியது 160. அதனால் "இன்னும் 400தானா?" என்று கல்யாண வீட்டில் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லவே வேண்டாம்.

காசு மாறுவது 230வது இடத்தை ஒட்டித்தான். அங்கே வந்தால் கிராண்ட்ஸ்லாம் எனும் நாலு பெரிய போட்டிகளின் தகுதிச் சுற்றுக்கு இடம் கிடைக்கும். 2025 ஆஸ்திரேலிய ஓப்பனில் அந்தத் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கே 35,000 ஆஸ்திரேலிய டாலர் கிடைத்தது.

அதுவரை நஷ்டம்தான். அந்த நஷ்டத்தைக் கணக்கில் ஏற்றுங்கள். கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டால் தொழில் நஷ்டத்தை எட்டு வருஷம் வரை முன்னால் கொண்டுபோகலாம். "வருமானமே இல்லை, எதுக்கு ரிட்டர்ன்?" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். வெளிநாட்டில் பிடித்த வரிக்கும் அங்கேயே சான்று வாங்கிவிட வேண்டும். ஊருக்கு வந்தபின் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தால் கிடைக்காது.

நம் பக்கத்திலிருந்து பர்மாவுக்கும் மலாயாவுக்கும் வட்டிக்கடை ஏஜெண்டாகப் போனவர்களை மூன்று வருஷக் கணக்குக்குத்தான் அனுப்பினார்கள். முதல் போட்டது முதலாளி. வந்து கணக்கு ஒப்படைத்துவிட்டு அப்புறம்தான் அடுத்த பேச்சு. இந்தப் பெண்ணுக்கு முதலாளி அப்பாதான். நான் அவரிடம் சொன்னது, "அண்ணே, மூணு வருஷத்துக்கு இவ்வளவுன்னு ஒரு தொகை எழுதுங்க. வீட்டுப் பத்திரத்தை மட்டும் பெட்டியை விட்டு எடுக்காதீங்க."

காரணம் வட்டி மட்டும் இல்லை. 2018ல் டென்னிஸ் சூதாட்டத்தை ஆராய்ந்த தனிக்குழு, தொழில்முறையில் ஆடுவதாகச் சொல்லிக்கொள்ளும் சுமார் 15,000 பேரில் 250 முதல் 350 பேருக்குத்தான் வரவும் செலவும் சரிக்கட்டுகிறது என்று சொன்னது. மற்றவர்களைத்தான் சூதாட்டக்காரர்கள் தேடி வருகிறார்கள். ஒரு செட்டைத் தோற்றுக் கொடு, ஒரு கேமைத் தோற்றுக் கொடு என்று தொடங்குவார்கள். சம்மதித்தது தெரிந்தால் ஆயுள் தடை வரைக்கும் போகும். போனில் ஒரு தடவை அப்படி ஒரு செய்தி வந்ததாகப் பாப்பாவே சொன்னாள். "புகார் பண்ணிட்டேன் சார். கேட்டுட்டுச் சொல்லாம இருந்தாலும் தப்பாம்." உண்மைதான், அப்படித்தான் விதி.

அவர் தொகை எழுதி இது மூன்றாவது வருஷம். முடிவில் ஐந்தொகை எடுக்கும்போது மேற்கொண்டு என்ன என்று பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம். போன செவ்வாய் ராத்திரி மொனாஸ்டிரிலிருந்து வாட்ஸப்பில் ஒரு ரசீதுப் படம் வந்தது. கீழே, "செகண்ட் ரவுண்டில் தோத்துட்டேன் சார். வரி பிடிச்சதுக்கு சீல் போட்டு வாங்கிட்டேன்."