கொசுவலை பூனையைத் தடுக்காது

போன வருஷம் கத்திரி தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, இரவு ரெண்டு மணிக்குக் கரண்ட் போனது. திருத்தணியில் ஏப்ரல் கடைசியில் ஃபேன் நின்றால் யாருக்கும் தூக்கம் வராது. எழுந்து கூடத்து ஜன்னல் கதவுகளை அகலத் திறந்துவிட்டுப் படுத்தேன். கொசுவலைதான் இருக்கிறதே என்ற தைரியம். விடியற்காலையில் பக்கத்து வீட்டு அக்காவின் குரல்: "ஏம்மா, உங்க பில்லி எங்க தறி ஷெட்டு மேல உக்காந்து கத்திட்டிருக்கு, வந்து பாரு!" அக்காவுக்குப் பிறந்த வீடு ஆந்திரத்து நகரி, பேச்சில் தெலுங்கு கலக்கும். எங்கள் தெருவில் பாதி வீட்டில் அது பூனை, மீதி வீட்டில் பில்லி.

ஏணி வைத்து எங்கள் பூனை மல்லியை இறக்கினோம். வெயில் ஏறிய பிறகு அந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் கால் வைத்திருந்தால் பாதம் வெந்திருக்கும். வீட்டுக்கு வந்து ஜன்னலைப் பார்த்தேன். வலை கிழியவே இல்லை. கீழ் மூலை மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு உரிந்து தொங்கியது.

நம் வீடுகளில் கொசுவலையைப் பிடித்துவைத்திருப்பது பெரும்பாலும் வெல்க்ரோ பட்டை. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், தன் நாயின் முடியில் ஒட்டிக்கொண்ட முள்விதைகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது தோன்றிய யோசனை அது. 1955-இல் காப்புரிமை வாங்கினார். வேட்டியில் நாயுருவி ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. ஒரு பட்டையில் குட்டிக் குட்டிக் கொக்கிகள், இன்னொன்றில் நூல் வளையங்கள். பட்டையின் போக்கிலேயே இழுத்தால் அத்தனை கொக்கிகளும் ஒன்றாகச் சேர்ந்து தாங்கும், லேசில் விடாது. ஓரத்தைப் பிடித்து உரித்தாலோ, அந்த நொடியில் தாங்குவது ஓரத்து வரிசை மட்டுமே. அது விட்டதும் அடுத்த வரிசை, பிறகு அதற்கடுத்தது. குழந்தைகள் செருப்புப் பட்டையை 'பர்ர்' என்று பிரிப்பது இப்படித்தான்.

காற்று வலை முழுவதையும் ஒரே சீராகத் தள்ளும். கொசுவுக்கோ எடையே இல்லை. இந்த இரண்டையும் மனதில் வைத்துச் செய்த வலை அது. பூனை செய்வது வேறு. நகத்தை மூலையில் மாட்டித் தன் பக்கமாக இழுக்கிறது. வெல்க்ரோ எந்தத் திசையில் பலவீனமோ, சரியாக அந்தத் திசை. போதாததற்கு, ரெண்டு வருஷத் தூசி கொக்கிகளை அடைத்திருக்கும். பட்டையைச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் பசையும் வெயில் பட்டுப் பட்டு இளகியிருக்கும். ஆகவே வலை மிக மோசமாக இருக்கும் மாதமும் நாம் ஜன்னலை அதிகம் திறக்கும் மாதமும் ஒன்றாகிவிடுகின்றன.

வலைக்கு அப்பால் ஜன்னல் கம்பி இருக்கிறதே என்பார்கள். பூனையின் காறை எலும்பு, அதாவது கழுத்துக்குக் கீழே தோள் பக்கம் போகும் எலும்பு, நம்முடையதைப் போல மற்ற எலும்புகளோடு பிணைந்ததல்ல. தசைக்குள் மிதக்கும் சிறு துண்டு. அதனால் தலை நுழைந்த இடத்தில் தோளை ஒடுக்கிக்கொண்டு உடம்பும் நுழைந்துவிடும்.

மாடி வீட்டுக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பூனை எப்படி விழுந்தாலும் காலில் நிற்கும் என்பது பாதிதான் உண்மை. நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றிய ஆய்வு 1987-இல் வந்தது. சிகிச்சைக்கு வந்தவற்றில் 90 சதவீதம் பிழைத்தன. இதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விழுந்த இடத்திலேயே இறந்தவற்றை யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவதில்லை. பிழைத்தவற்றிலும் மார்பில் அடி, தாடை முறிவு, கால் முறிவு ஏராளம்.

அப்படியானால் ஜன்னலை அடைத்துவிடலாமா? கூடவே கூடாது. பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை, வறண்ட நிலத்து உயிர். அதனால் நாம் வியர்த்து வழியும் 35 டிகிரியில் பூனை சௌகரியமாகத் தூங்கும். 40-ஐத் தாண்டிய நாளில், மூடிய மாடி அறையில் கதை மாறிவிடும். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி வெகுநேரம் வரை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். பூனைக்கு வியர்ப்பதோ உள்ளங்காலில் மட்டும். உடம்பை நக்கி, அந்த எச்சில் ஆவியாகும்போது கொஞ்சம் குளிர்கிறது, அவ்வளவுதான்.

ஃபேன் ஓடுகிறது என்று நிம்மதியாகக் கதவைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை. நம் வியர்வையைக் காயவைக்கிறது, அதனால் நமக்குக் குளுகுளுவென்று இருக்கிறது. வியர்க்காத பூனைக்கு அது வெறும் சூடான காற்று. ஈரத்துணியால் அதன் காதையும் பாதத்தையும் வயிற்றையும் துடைத்துவிட்டால் அதே ஃபேன் வேலை செய்யத் தொடங்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். சிமெண்ட் தரையில் ஓர் இடம், ரெண்டு மூன்று மூலைகளில் அகலமான கிண்ணத்தில் தண்ணீர், இவையும் வேண்டும். தாகம் குறைவான உயிர் அது, தேடிப்போய்க் குடிக்காது.

நாய் வாயைத் திறந்து இரைப்பது சகஜம், பூனை இரைத்தால் ஆபத்து. அதோடு எச்சில் வடிந்து, ஈறு சிவந்து, தள்ளாடினால் உடம்பு சூடு 39 டிகிரி என்ற வழக்கமான எல்லையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். உடனே சாதாரணத் தண்ணீரால் நனைத்து, காற்று வீசி, கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கி, உள்சூடு வெளியேறுவது மெதுவாகலாம். பாரசீகப் பூனை மாதிரி சப்பை மூக்குப் பூனைகளுக்கு இன்னும் சீக்கிரம் முற்றும்.

வெளியே போகும் ஆசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. குளிர்நாடுகளில் பகல் குறையும் மாதங்களில் பெண் பூனை பருவத்துக்கு வராது. நம் பக்கம் மார்கழிப் பகலே 11 மணி நேரத்துக்கு மேல் என்பதால் வருஷம் முழுக்க வரும். கருத்தடை செய்யாத பூனை வலையோடு போராடத்தான் செய்யும்.

நான் பிறகு வெல்டிங் பட்டறையில் சொல்லி, அரை அங்குலக் கண் உள்ள வெல்ட் மெஷ் கம்பிவலையை இரும்புச் சட்டத்தில் பற்றவைத்து வாங்கி, ஜன்னல் மரத்தில் நாலு பக்கமும் ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். கொசுவலை அதற்கு வெளிப்பக்கம் போய்விட்டது. பொருத்திய அன்றைக்கே கீழ் மூலையில் விரலை மாட்டி, மல்லி இழுப்பது போல என் பக்கமாக முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. அன்று ராத்திரி கரண்ட் போனபோது ஜன்னல் திறந்தே இருந்தது; மல்லி திட்டில் உட்கார்ந்து, வலையில் ஊர்ந்த பல்லியை விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தது.